சூடேறும் செப்புக் கம்பி

பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் லயன் காம்பரா ஒன்று தீப்பிடித்தால், முதலில் காதில் விழுவது "கரண்ட் கூடிப் போய்ட்டுது" என்ற பேச்சுத்தான். கூடியிருந்தால் பியூஸ் போயிருக்க வேண்டுமே! "பியூஸ் போகல்லயே நானா, அப்ப எப்படி எரிஞ்ச?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நல்ல கேள்வி. விடை உலோகத்தின் குணத்தில் இருக்கிறது.

செம்பினுள் கட்டற்றுத் திரியும் இலத்திரன்களே மின்னையும் வெப்பத்தையும் சுமக்கின்றன. சூடு ஏற ஏற அணுக்களின் அதிர்வு கூடும், இலத்திரன்கள் அடிக்கடி சிதறும், தடை உயரும். செம்பில் இது பாகை ஒன்றுக்குச் சுமார் 0.4 சதவீதம். 20 பாகை செல்சியசில் இருந்த தடை 270 பாகையளவில் இரட்டிப்பாகிவிடும். இரும்பு இன்னும் மோசம், 800 பாகையில் பத்து மடங்கு. பழைய மஞ்சள் பல்பை எடுங்கள். 60 வாற்று பல்பின் தங்குதன் இழைக்கு எரியும்போது தடை சுமார் 880 ஓம். ஆறியபின் அளந்தால் அதில் பத்திலொரு பங்கும் இராது. அதனால்தான் அவை பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்தில் பியூஸாகின.

வெப்பக் கடத்தல் அப்படி விழுவதில்லை. சிதறல் கூடினாலும், சூட்டில் இலத்திரன்கள் ஒவ்வொரு தடவையும் கூடுதல் வெப்பத்தைச் சுமக்கின்றன. நல்ல மின்கடத்தி நல்ல வெப்பக்கடத்தியும்தான் என்று 1853இல் வீடமன், ஃபிரான்ஸ் என்ற ஜேர்மனியர் இருவர் கண்டனர். வெப்பநிலையோடு வெப்பக் கடத்தலின் பங்கு உயர்வதை 1872இல் லோரன்ஸ் சேர்த்தார். 700 பாகையிலும் செம்பின் வெப்பக் கடத்தாறு பத்திலொரு பங்களவே குறைகிறது.

இனி, ஸ்குரூ தளர்ந்த ப்ளக் பொயின்ட் ஒன்று. கம்பி தொடுவது ஊசிமுனையளவு இடத்தில். ஸஹருக்கு எழும்பி 2 கிலோவாற்று கேத்தலைப் போட்டால், 9 அம்பியருக்குக் கிட்டிய கரண்ட் முழுவதும் அந்த முனையால் போகவேண்டும். முனை சூடாகும், தடை கூடும், அதே கரண்ட் இன்னும் சூடாக்கும். மேலே கறுப்பாக ஒட்சைட்டுப் படர்ந்துவிட்டால் அதுவே பெரிய தொல்லை. 13 அம்பியர் பியூஸுக்கு இதெல்லாம் தெரியாது. அது காண்பது 9 அம்பியர் மட்டும். தடை கூடக் கூட அதுவும் சற்றுக் குறையும்.

செம்பு வெப்பத்தைக் கடத்துவதை விடாததால் சூடு கம்பி வழியே பரவும். சாதாரண பீவீசி உறை தாங்குவது 70 பாகை. உறை பழுப்பாகும், கருகல் வாடை வரும், கழற்றிய ப்ளக் கையைச் சுடும். அப்போது பெரிய பியூஸ் போடுவது வீண்வேலை, ஆபத்தும்கூட. மெயின் சுவிட்சை நிறுத்தி, வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு, கறுத்த நுனியை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் இடத்திலிருந்து புதிதாக இறுக்கச் சொல்லுங்கள். கருகிய பொயின்டையும் மாற்றிவிடுங்கள்.