கமராவுக்கு ஒரு முனைவாக்கும் வடிகட்டி

குளத்தைப் படம் பிடித்தால், நீருக்குள் நீந்தும் மீன் தெரியாமல் மேலே வெள்ளை வெளிச்சம் மட்டும் பதிவது ஏன்? உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிக்கும் ஒளியின் முனைவாக்கம் இதற்கு விடை தருகிறது.

சூரிய ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. அது நீரிலோ கண்ணாடியிலோ சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும் ஒளியாகிவிடுகிறது. முனைவாக்கும் வடிகட்டியை வில்லையின் முன்னால் பூட்டி மெதுவாகச் சுழற்றினால், ஒரு நிலையில் அந்தத் தெறிப்பு தடுக்கப்பட்டு மீன் தெரியும். நனைந்த இலைகளின் பளபளப்பு நீங்கிப் பச்சை நிறம் வெளிப்படும். சூரியன் நமக்குப் பக்கவாட்டில் இருந்தால், எதிரே உள்ள வானம் கடும் நீலமாகும். உலோகத்தின் பளபளப்பை மட்டும் இது நீக்காது.

"கணினியில் திருத்தலாமே, இதற்கு ஏன் காசு?" என்று வாப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். வானத்தின் நீலத்தைக் கணினியில் கூட்டலாம். ஆனால் தெறிப்பு மறைத்த மீன் படத்தில் பதியவே இல்லை. பதியாத ஒன்றைப் புதிதாக வரையலாமே தவிர மீட்க முடியாது.

வாங்குமுன் நான்கு விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது அளவு. வில்லையின் முன்பக்க விளிம்பில், கோடு வெட்டிய வட்டக் குறியுடன் 52, 58, 67 போன்ற ஓர் எண் இருக்கும். அது மில்லிமீற்றரில் விட்டம். பல வில்லைகள் இருந்தால், பெரியதற்கு ஒன்றை வாங்கி, சிறியவற்றுக்கு அளவு மாற்றும் வளையம் பூட்டலாம்.

இரண்டாவது வகை. நேர்கோட்டு வகை, வட்ட வகை என இரண்டு உண்டு. இது வடிவத்தைக் குறிப்பதன்று. வெளியேறும் ஒளியின் தன்மையைக் குறிப்பது. உள்ளே ஆடி உள்ள எஸ்.எல்.ஆர். கமராக்களில் நேர்கோட்டு வகை, தானியங்கிக் குவியத்தையும் ஒளி அளவீட்டையும் குழப்பலாம். ஆகவே 'சி.பி.எல்.' எனப்படும் வட்ட வகையே பாதுகாப்பானது.

மூன்றாவது பரிசோதனை. கமராவில் பூட்டும் பக்கத்தைக் கண்ணருகே வைத்து, அதனூடாக ஒரு கல்குலேட்டர் திரையைப் பார்த்துச் சுழற்றுங்கள். திரை ஒரு நிலையில் கறுக்க வேண்டும். கறுக்காவிட்டால் அது முனைவாக்கியே அல்ல. திருப்பிப் பிடித்துச் சுழற்றும்போது கறுக்காவிட்டால் வட்ட வகை. அப்போதும் கறுத்தால் நேர்கோட்டு வகை.

நான்காவது சட்டகமும் பூச்சும். அகன்ற கோண வில்லைக்கு மெல்லிய சட்டகம் வேண்டும். தடித்தது படத்தின் மூலைகளை இருட்டாக்கும். கண்ணாடியில் பல அடுக்குப் பூச்சு இருந்தால் தேவையற்ற ஒளிப்புள்ளிகள் குறையும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த வடிகட்டி உள்ளே வரும் ஒளியைப் பாதியாகவோ காற்பங்காகவோ குறைத்துவிடும். எனவே வீட்டுக்குள்ளும் மண்டபத்திலும் படமெடுக்கும்போது கழற்றிவிட வேண்டும். கலியாண வீட்டுப் படங்கள் மட்டும் எடுப்பவர் இதற்குச் செலவழிக்கத் தேவையில்லை. கடலும் களப்பும் வயலும் படமெடுக்க விரும்பும் மகள் இதைக் கேட்டால், அது வீண் ஆசையன்று.