கார் விளக்கு எரிந்தால் முதலில் வயரைப் பாருங்கள்

நம் உறுப்பினர்களில் பலர் இன்று கொள்முதலுக்கும் வசூலுக்கும் காரில்தான் போய் வருகிறோம். ஆனால் காரைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் விலை ஒன்றுதான். சென்ற மழைக்காலத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொன்னபோது, "இதை இதழில் எழுதுங்கள்" என்று நண்பர்கள் வற்புறுத்தினார்கள். ஆகவே எழுதுகிறேன்.

கோயம்பேட்டிலிருந்து மதுரவாயல் பைபாஸ் வழியாகத் தாம்பரம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள விளக்குகளில், கார் வழுக்கி ஓடுவதுபோல் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்துகொண்டது. வண்டி ஓட்டத்தில் குறை எதுவும் தெரியவில்லை. பிரேக்கும் பிடித்தது.

மறுநாள் ஒரு சர்வீஸ் நிலையத்தில் விட்டேன். பத்து நிமிடம் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, ஏ.பி.எஸ். யூனிட்டையே மாற்ற வேண்டும், கூலியோடு 48,000 ரூபாய் என்றார்கள். எத்தனை மூட்டை துவரம்பருப்பு கைமாறினால் இந்தத் தொகை லாபமாக நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "கம்ப்யூட்டர் என்ன சொன்னது?" என்று கேட்டேன். பின்பக்க இடது சக்கரத்திலிருந்து சிக்னல் வரவில்லையாம். "சக்கரத்தில் கோளாறு என்றால் யூனிட்டை ஏன் மாற்ற வேண்டும்?" என்றதற்கு, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்று பதில் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

புரியாத விஷயம் ஒன்றும் இல்லை. மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஈரத்தில், வளைவில் வழுக்கினால் கூட வரும் ஆள் என்ன செய்கிறார்? ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்தி வண்டியை நேராக்குகிறார். இ.எஸ்.பி. எனப்படும் இந்தக் கருவி செய்வதும் அதுவே. நாம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்று ஒரு சென்சார் பார்க்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று இன்னொன்று பார்க்கிறது. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் நான்கு சென்சார்கள் சொல்கின்றன. கணக்கு ஒத்துவராவிட்டால் தேவையான சக்கரத்துக்கு மட்டும் கருவி தானாகப் பிரேக் போடுகிறது.

பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் நிறுவனமும் சேர்ந்து இதை 1995இல் காரில் கொண்டுவந்தன. 1997இல் ஸ்வீடனில் பத்திரிகையாளர்கள் சோதித்தபோது மெர்சிடிஸின் சிறிய ஏ கிளாஸ் கார் கவிழ்ந்தது. அதன் பிறகு அந்தக் காரில் இதை எல்லா வண்டிக்கும் பொருத்தினார்கள். சிறிய கார்களுக்கும் இது பரவ அந்த விபத்து ஒரு காரணம். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். ஆகவே இ.எஸ்.பி. இல்லாத புதிய காரிலும் சக்கர சென்சார்கள் உண்டு.

கதைக்கு வருகிறேன். சேலையூரில் தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவரிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்பே கேள்வி கேட்டார். பேட்டரி மாற்றினீர்களா? அலைன்மென்ட் பார்த்தீர்களா? ஒரு டயர் மட்டும் வேறு அளவில் போட்டிருக்கிறீர்களா? இவற்றால்கூட அந்த விளக்கு எரியுமாம். எதுவும் இல்லை என்றேன். பிறகுதான் ஸ்கேனரை மாட்டினார். மலிவு விலை ஸ்கேனர்களில் பல இன்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும், ஏ.பி.எஸ். பகுதியையும் படிப்பது வேண்டும் என்றார்.

கோடு எண்ணைக் குறித்துக்கொண்டதோடு அவர் நிற்கவில்லை. ஸ்கேனரை என் கையில் கொடுத்து, செம்பாக்கம் வரை மெதுவாக ஓட்டினார். மூன்று சக்கரங்கள் 22, 23 என்று காட்டின. பின் இடது சக்கரம் மட்டும் திடீரென்று 0 காட்டும், மறுபடி 22 வரும், மறுபடி 0.

"பாத்தீங்களா அண்ணாச்சி, வந்து வந்து போகுது. யூனிட் போயிருந்தா இப்படி ஒரு சக்கரத்துல மட்டும் ஆடாது. வயரைத்தான் பாக்கணும்" என்றார்.

பட்டறைக்கு வந்து சக்கரத்தைக் கழற்றினார். சென்சார் முனையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். அதோடு தீரவில்லை. சாவியைப் போட்டு வைத்து, வயரைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டே மீட்டரில் பார்த்தார். பின் சீட்டுக்கு அடியில் ஓரிடத்தில் அசைத்தபோது மின்சாரம் விட்டுவிட்டு வந்தது. அங்கே எலிக்கடி. செம்புக் கம்பியில் இரண்டு இழை மிச்சம்; பச்சை பூத்திருந்தது.

எலி என் குடோன் எலிதான், சந்தேகம் வேண்டாம். பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தியவன் நான். கடித்த துண்டை வெட்டி, புது வயர் சேர்த்து, ஈயம் பற்றவைத்து, தண்ணீர் புகாத உறை போட்டார். சக்கரத்துக்கு அருகே, வயர் ஆடும் இடத்தில் கடித்திருந்தால் ஒட்டு நிற்காது, சென்சாரை வயரோடு மாற்றியிருப்பேன் என்றார். கோடை அழித்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தார். விளக்கு வரவில்லை. கூலி 1,200 ரூபாய்.

யூனிட்டே பழுதாவதும் உண்டு. எல்லா சர்வீஸ் நிலையத்தையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் எலக்ட்ரானிக் தராசு எடை தப்பாகக் காட்டினால் நாம் உடனே புதுத் தராசா வாங்குகிறோம்? தட்டு எதிலாவது இடிக்கிறதா, சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறோம் அல்லவா? கோடு என்ன என்று எழுதி வாங்குங்கள். ஓட்டிப் பார்த்தார்களா, வயரைச் சோதித்தார்களா என்று கேளுங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து உறுப்பினர்கள் 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்தவர்கள். தண்ணீரில் நின்ற வண்டிக்கு வயர் இணைப்புகளில் பச்சை பூப்பது சகஜம். அங்கே முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்காக விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடக் கூடாது. வழுக்கும்போது அந்த விளக்கு மின்னி அணைந்தால் கருவி வேலை செய்கிறது என்று பொருள். நின்று எரிந்தால் வேலை செய்யவில்லை. சாதாரணப் பிரேக் பிடிக்கும், மழையில் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பஸ் திடீரென்று குறுக்கே வந்தால் துணைக்கு அது வராது. கூடவே சிவப்புப் பிரேக் விளக்கும் எரிந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இப்போது காரைக் குடோன் பக்கம் விடுவதில்லை, தெருமுனையில் நிறுத்துகிறேன். எலிப்பொறி இரண்டு கூடுதலாக வாங்கி வைத்தும், பொறியில் வைக்கும் தேங்காய்த் துண்டு மட்டும்தான் தினமும் காணாமல் போகிறது.