அம்பாசிடரும் நானும் – 11: பாயின்ட் மேல் விழும் பழி

சென்ற வாரம் கர்பரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். அதைப் படித்துவிட்டு ஸ்பேனரும் கையுமாக நிற்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். ஐட்லிங்கில் தடுமாறுகிறது, மேட்டில் இழுக்க மறுக்கிறது, மூன்றாவது கியரில் வெட்டி வெட்டி ஓடுகிறது என்று வரும் அம்பாசிடர்களில் பலவற்றில் கர்பரேட்டருக்கு எந்த நோயும் இருப்பதில்லை. கோளாறு எஞ்சினின் எதிர்ப்பக்கத்தில், கறுப்பு பேக்லைட் தொப்பிக்குக் கீழே இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரில்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்றதுமே மெக்கானிக்கின் கை பாயின்ட்டுக்குத்தான் போகும். பழைய பாயின்ட் போய்ப் புதியது வரும், கூடவே கண்டன்சரும். வண்டி ஓரிரு வாரம் நன்றாக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி. மறுபடி பாயின்ட். ‘இப்ப வர்ற பாயின்ட்டெல்லாம் முன்ன மாதிரி இல்ல சார்’ என்ற விளக்கமும் தவறாமல் கிடைக்கும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பாயின்ட்டைத் திறந்து மூடுகிற ஷாஃப்ட் ஆடிக்கொண்டிருந்தால், தங்கத்தில் பாயின்ட் செய்து மாட்டினாலும் பயன் கிடையாது.

வேலை நடக்கும் விதம் எளிமையானது. எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். அதன் தலையில் நான்கு முனைகள் கொண்ட கேம். ஒவ்வொரு முனையும் பாயின்ட்டின் குதிகாலைத் தள்ளும்போது பாயின்ட் திறக்கும், காயிலுக்குப் போகும் மின்சாரம் அறுபடும், அந்த நொடியில் காயிலில் பிறக்கும் உயரழுத்த மின்சாரம் ரோட்டர் வழியாக உரிய பிளக்குக்குப் போகும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து, 1910இல் கேடிலாக் கார்களில் வந்த ஏற்பாடு இது. எஞ்சின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நொடிக்கு 100 முறை பாயின்ட் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியான கோணத்தில் திறந்தாக வேண்டும்.

அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு வாய்த்தது லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர். இங்கிலாந்தில் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் புலம்புவதும் நாம் புலம்புவதும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நம் ஊரில் 1961இல் சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கியபின் இந்த மின்சாமான்கள் இங்கேயே உருவாகின. உத்தர்பாராவில் 2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. பாகங்களைத் தேடுவது நம் பாடு.

இனி நோயைக் கண்டுபிடிப்போம். கேப்பைத் திறந்து, ரோட்டரை எடுத்துவிட்டு, கேமைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ‘டக் டக்’ என்று ஆடினால் தேய்மானம் இருக்கிறது. எவ்வளவு என்பதை ஃபீலர் கேஜ் சொல்லும். கேம் முனை குதிகாலை முழுதாகத் தள்ளி நிற்கும்போது இடைவெளி 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 15 பங்கு, இருக்கட்டும். இப்போது கேமை விரலால் பாயின்ட்டை நோக்கி ஒரு முறையும் எதிர்த்திசையில் ஒரு முறையும் தள்ளி அளந்து பாருங்கள். நான்கைந்து தௌ மாறினால் இனிப் பாயின்ட்டைக் குறை சொல்லாதீர்கள்.

பட்டறைகளில் இது தப்பிப்போவதற்கு ஒரு காரணம் உண்டு. வண்டி நிற்கும்போது பாயின்ட்டின் ஸ்பிரிங் ஷாஃப்ட்டை எப்போதும் ஒரே பக்கமாக அழுத்தி வைத்திருக்கும். எந்த முனையில் அளந்தாலும் 15 தௌதான் காட்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஷாஃப்ட் தன் இஷ்டத்துக்கு அலையும், ஸ்பார்க் ஒரு தடவை முந்தும், ஒரு தடவை பிந்தும். டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் கிராங்க் புல்லியில் உள்ள குறி ஓர் இடத்தில் நிற்காமல் துள்ளும். மாறாக, நிற்கும் வண்டியிலேயே நான்கு முனைகளிலும் நான்கு அளவு வந்தால் அது வேறு வியாதி: ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கேம் தேய்ந்திருக்கிறது.

ஆட்டத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஷாஃப்ட் சுழலும் புஷ் ஒன்று. ஷாஃப்ட்டின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் கேமின் உள்துளை மற்றொன்று. கேம் ஒரு தனித் துண்டு என்பது பலருக்குத் தெரியாது. ரோட்டருக்கு அடியில் தெரியும் திருகு அதைப் பிடித்திருக்கிறது. அந்தத் திருகின் தலையில் அவ்வப்போது இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட வேண்டும். திருகைக் கழற்ற வேண்டாம், எண்ணெய் இறங்க ஓரத்தில் வழி விட்டிருக்கிறார்கள். பாயின்ட்டில் மட்டும் எண்ணெய் படக் கூடாது. இந்த இரண்டு சொட்டு கிடைக்காமல் செத்த டிஸ்ட்ரிபியூட்டர்கள் ஏராளம்.

புஷ்தான் போயிருக்கிறது என்றால் மொத்தத்தையும் வெளியே எடுங்கள். முதல் சிலிண்டர் ஸ்பார்க்குக்கு எஞ்சினை நிறுத்தி, ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளாம்ப்பின் இறுக்குத் திருகைத் தளர்த்தாமல், பிளேட்டை எஞ்சினோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டை மட்டும் கழற்றினால் டைமிங் அப்படியே இருக்கும். வெளியே வந்ததும் ஷாஃப்ட்டின் அடியில் டாக் என்னும் இணைப்புத் துண்டு தெரியும். அதன் நாக்கு நடுவில் இல்லாமல் சற்றே ஒதுங்கியிருக்கும். டாக்கைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டி எடுப்பதற்கு முன்பே, ரோட்டர் பள்ளத்துக்கு நேராக அந்த நாக்கு எந்தப் பக்கம் என்று கோடு போட்டுவிடுங்கள். திருப்பி மாட்டினால் டைமிங் நேர் எதிராகி, வண்டி கர்பரேட்டர் வழியாகத் தும்மும்.

புஷ் துகள் உலோகத்தை அழுத்திச் செய்தது. உடம்பெல்லாம் நுண்துளை. அந்தத் துளைகளில் தங்கும் எண்ணெய்தான் ஷாஃப்ட்டைக் காப்பாற்றுகிறது. அதனால் புதிய புஷ்ஷை மாட்டுவதற்கு முன் 24 மணி நேரம் எஞ்சின் ஆயிலில் ஊறப்போட வேண்டும். அவசரமென்றால் எண்ணெயை 100 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிட வேண்டும். பிறகு ஷாஃப்ட் அளவுக்கே கடைந்து மெருகேற்றிய மேண்ட்ரலில் கோத்து, பிரஸ்ஸில் அழுத்த வேண்டும்.

லேத் பட்டறையில் இந்த இடத்தில் ஒரு பேச்சு கட்டாயம் நடக்கும்.

“கொஞ்சம் டைட்டா இருக்கு சார். ரீமர் விட்டு எடுத்துரவா?”

“வேணாம்ணே. ரீமர் விட்டா துளையெல்லாம் மூடிக்கும், எண்ணெய் கசியாது.”

“நாங்க எல்லாத்துக்கும் அப்படித்தான் சார் செய்யறோம்.”

செய்கிறார்கள்தான். சாதாரண வெண்கல புஷ்ஷுக்கு அது சரி. இதற்கு ஆகாது. இன்னொன்று, ஷாஃப்ட்டையும் மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் புது புஷ் போட்டும் ஆட்டம் முழுதாகப் போகாது.

பிரித்த கையோடு மற்றதையும் பார்த்துவிடலாம். வேகத்துக்கேற்ப ஸ்பார்க்கை முந்தச் செய்யும் எடைகளுக்கு இரண்டு ஸ்பிரிங் உண்டு. ஒன்று மெலிசு, மற்றது தடிமன், அதுவும் தொளதொளவென்று தொங்கும். அந்தத் தொய்வு வேண்டுமென்றே வைத்தது. ‘லூஸாகிவிட்டது’ என்று அதை வெட்டிக் குறுக்கிய கைங்கரியத்தைப் பல வண்டிகளில் பார்க்கலாம். வேக்குவம் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பாயின்ட் உட்கார்ந்திருக்கும் பேஸ் பிளேட் நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். பேஸ் பிளேட்டின் எர்த் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம், இழுத்துப் பாருங்கள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டன்சரைத் தூக்கி எறியாதீர்கள். புதியது காலை வாரினால் டிக்கியில் கிடக்கும் அதுதான் வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

பாயின்ட்டைத் தூக்கிவிட்டு எலெக்ட்ரானிக் மாட்யூல் வைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஆடுகிற ஷாஃப்ட்டில் வைத்தால் சென்சாருக்குப் பக்கத்தில் சுற்றும் காந்தமும் சேர்ந்துதான் ஆடும். புஷ்ஷை முடித்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

மாட்டும்போது இதை மறக்காதீர்கள்: ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. 12 வோல்ட் பல்பு ஒன்றைப் பாயின்ட் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்து, இக்னிஷனைப் போட்டு, எஞ்சினைக் கையால் திருப்பினால், பாயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். டைமிங் லைட் இல்லாதவர்களுக்கு இதுவே போதும். புதிய பாயின்ட்டின் குதிகால் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தேயும், இடைவெளி குறையும். அப்போது ஒரு தடவை அளந்து, 15 தௌவுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அதன்பிறகும் மழை நாளில் மட்டும் வண்டி மக்கர் செய்தால், அது கேப்பும் பிளக் வயர்களும் சம்பந்தப்பட்ட விவகாரம். அதை அடுத்த வாரம் பிரிக்கலாம்.

(தொடரும்)