காய்ச்சல் மறந்தது, ஊசி நினைவில் நின்றது

சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு டி.டி. தடுப்பூசி முகாம் நடந்தது. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிராக ஆண்டுதோறும் போடும் ஊசிதான். வகுப்பில் 31 பேர். அன்று 11 பேரின் பெற்றோர் வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். முன்பெல்லாம் ஒருவர் இருவர்தான் மறுப்பார்கள். இத்தனை பேரா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

ஒரு மாணவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். "எங்கப்பாவுக்குக் கொரோனா ஊசி போட்ட பெறகுதான் மாரடைப்பு வந்துச்சு டீச்சர். எந்த ஊசியும் வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றான். அவனுடைய அப்பா தீப்பெட்டி ஆலையில் சுமை தூக்குபவர். எனக்கும் பழக்கமான முகம்.

மறுநாள் அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது, கணவருக்குக் கொரோனா வந்திருக்கிறது. 12 நாட்கள் மருத்துவமனையில் ஆக்சிஜனோடு படுத்திருந்தார். வீடு திரும்பிய பிறகும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. செப்டம்பரில் தடுப்பூசி போட்டார். நவம்பரில் மாரடைப்பு. இடையில் இருந்த அந்த 12 நாட்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. காய்ச்சல் மறந்துபோய், ஊசி மட்டும் நினைவில் நின்றுவிட்டது.

இதில் எனக்கும் பங்கு உண்டு. ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்தபோதெல்லாம், "ஆமாம், அந்த ஊசிக்குப் பிறகுதான் இப்படி" என்று நானும் தலையாட்டியிருக்கிறேன். அறிவியல் ஆசிரியை நானே அப்படிச் சொன்னால் ஊர் என்ன சொல்லும்? அதனால் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நுரையீரல் நோய் இதயத்துக்கு எப்படிப் போகும்?

பத்தாம் வகுப்பில் சுற்றோட்டப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி இதே கேள்வியைக் கேட்டாள். நல்ல கேள்வி. கொரோனா வைரஸ் மூச்சுப்பாதை வழியாகத்தான் நுழைகிறது. ஆனால் அது ஒட்டிக்கொள்ளும் ஏ.சி.இ.2 என்ற புரதம் நுரையீரலில் மட்டும் இல்லை. இதயத்திலும், ரத்த நாளங்களிலும், சிறுநீரகத்திலும், குடலிலும் இருக்கிறது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதில் அந்தப் புரதத்துக்குப் பங்கு உண்டு. வைரஸ் அதைப் பிடித்துக்கொள்ளும்போது அந்த வேலையும் கெடுகிறது.

நம் ரத்த நாளங்களின் உட்புறம் முழுவதும் எண்டோதீலியம் என்னும் ஒரே ஓர் அடுக்குச் செல்களால் பூசப்பட்டிருக்கிறது. ரத்தம் உறையாமல் ஓடுவதும், நாளம் தேவைக்கேற்ப விரிந்து சுருங்குவதும் இந்த மெல்லிய படலத்தின் பொறுப்பு. கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்த சூரிச் நகர மருத்துவர்கள், இந்தப் படலமே வீங்கி அழற்சி கண்டிருந்ததை 2020-இல் வெளியிட்டார்கள்.

இதை நம் பிள்ளைகளுக்கு விளக்க, கண்மாய்க்கு வரும் ஓடையைச் சொன்னேன். கரை சீராக இருந்தால் தண்ணீர் தடையில்லாமல் போகும். கரை ஓர் இடத்தில் இடிந்தால் அங்கே சீமைக்கருவேல முள் சிக்கும். முள்ளில் செத்தை சிக்கும், செத்தையில் வண்டல் சேரும். பிறகு ஓடையே அடைபடும். நாளத்தின் உட்படலம் காயப்பட்ட இடத்தில் ரத்தம் உறைவதும் ஏறக்குறைய இப்படித்தான். உறைந்த ரத்தம் நுரையீரலில் அடைத்தால் மூச்சுத்திணறல், இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம். கொரோனா வார்டுகளில் டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை செய்ததும், ஹெப்பாரின் ஊசி போட்டதும் இந்த உறைவுக்காகத்தான்.

இதயத்துக்கு வரும் மூன்று சுமைகள்

முதலாவது, மேலே சொன்ன ரத்த உறைவு. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த நாளம் என்றால் ஆபத்து கூடுதல்.

இரண்டாவது, அழற்சி. தீப்பெட்டிக்குள் ஒரு குச்சி பற்றினால் மற்றவையும் பற்றிக்கொள்வதைப் போல, சிலருக்கு நோய் எதிர்ப்பு ஆற்றல் அளவு மீறிக் கிளம்பிச் சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. இதயத் தசையில் அழற்சி ஏற்பட்டால் துடிப்பு ஒழுங்கு தவறும்.

மூன்றாவது, வேலைச்சுமை. காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் நுரையீரல் பழுதுபட்டிருப்பதால் அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜனோ குறைவு. கூலி குறைந்து வேலை கூடிய நிலை.

காய்ச்சல் விட்டதும் இந்தப் பாதிப்பு போய்விடுவதில்லை. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களில் தொற்று கண்ட 1.5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. தொற்று வராதவர்களைவிட அவர்களுக்கு மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் அதிகமாக இருந்தன. மருத்துவமனையில் சேராமல் வீட்டிலேயே குணமானவர்களிடமும் இந்த வேறுபாடு தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்த ஆண்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் ஊசி?

இதில் மழுப்பக் கூடாது. கோவிஷீல்டு போட்டவர்களில் மிக மிக அரிதாகச் சிலருக்கு, ஊசி போட்ட சில வாரங்களுக்குள், ரத்த உறைவு ஏற்பட்டது உண்மை. எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகளால் இளைஞர்கள் சிலருக்கு இதயத் தசை அழற்சி வந்ததும் உண்மை. நம் ஊர் முகாம்களில் அந்த வகை போடப்படவில்லை.

ஆனால் இளைஞர்களின் திடீர் மரணங்களுக்கு ஊசிதான் காரணமா என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நேரடியாகவே ஆராய்ந்தது. நாடு முழுவதும் 47 மருத்துவமனைகள் இதில் பங்கெடுத்தன. நலமாக இருந்து திடீரென இறந்த, 18 முதல் 45 வயதுக்குட்பட்ட 729 பேரின் விவரங்களை உயிரோடிருக்கும் 2,916 பேரின் விவரங்களோடு ஒப்பிட்டார்கள். 2023-இல் வெளியான அதன் முடிவு, ஊசி ஆபத்தைக் கூட்டவில்லை என்பது. இரண்டு தவணையும் போட்டவர்களுக்கு ஆபத்து குறைந்தே இருந்தது. ஆபத்தைக் கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவு மீறிக் குடித்தது, கடுமையாக உடலை வருத்தியது, போதைப்பொருள் பயன்படுத்தியது.

அந்த மாணவனின் அப்பாவுக்கு எதனால் மாரடைப்பு வந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பீடிப் பழக்கமும் ரத்த அழுத்தமும் அவருக்கு முன்பே இருந்தன. ஒரு தனி மனிதரிடம் காரணத்தைப் பிரித்தெடுப்பது மருத்துவருக்கே கடினம். "இதற்குப் பின் அது வந்தது" என்பதற்கும் "இதனால் அது வந்தது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் மாணவர்களுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

1. கடும் காய்ச்சலிலிருந்து திரும்பிய மாணவரை உடனே மைதானத்தில் ஓட விடாதீர்கள். ஹாக்கி மட்டையோடு வளரும் கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு இது மிகவும் முக்கியம். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் என்று சொன்னால் சாக்கு என்று நினைக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

2. நாடித்துடிப்புச் செயல்பாடு: அமர்ந்த நிலையில் ஒரு நிமிடம், 20 முறை உட்கார்ந்து எழுந்ததும் ஒரு நிமிடம், சிறிது ஓய்வுக்குப் பின் ஒரு நிமிடம் என எண்ணி அட்டவணைப்படுத்தச் சொல்லுங்கள். உடல்நலம் சரியில்லாதவர்கள் குறிப்பெடுக்கட்டும்.

3. நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை: இவை தெரிந்தால் 108. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் சோர்வுமாக வரலாம். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துவிட்டு நேரத்தைக் கடத்தக் கூடாது. 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகள் கொடுத்து அனுப்புகிறார்கள்.

4. நாற்பதைக் கடந்த நாமும் ரத்த அழுத்தம், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வோம்.

அன்று அந்த அம்மாவிடம் இவற்றையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரி மேலயே நம்பிக்கை போயிருச்சு டீச்சர். அவுக மாத்திரையையும் நிறுத்தி ஆறு மாசமாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாரடைப்பு வந்தவர் தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. ஊசியைப் பற்றிய தவறான பேச்சு, ஊசியோடு நிற்கவில்லை.

அன்று மாலையே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பேசினேன். அந்த வாரமே அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை இப்போது அவர் வீட்டுக்கே வருகிறது. இரண்டாவது முகாமில் 11 பேரில் 8 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அந்த மாணவனும் அதில் உண்டு. மீதி மூன்று வீடுகளுக்கும் நான் இன்னும் போய்வந்துகொண்டிருக்கிறேன்.