புளி ஏன் கடைசியில்?

உலை கொதித்த பிறகு அரிசியைப் போடு. கொதி வந்ததும் தீயைக் குறை. கத்திரிக்காயை நறுக்கினதும் தண்ணீரில் போடு. புளியைக் கடைசியில் ஊற்று. குமராட்சிப் பக்கத்தில் முதன்முதலாகச் சமைக்க நிற்கும் எவருக்கும் இந்த நான்கும் அரை மணி நேரத்துக்குள் சொல்லப்பட்டுவிடும். சொல்பவர் அம்மாவாக இருக்கலாம், அத்தையாக, அண்ணியாக இருக்கலாம். ‘ஏன்?’ என்று கேட்டால், ‘அப்படித்தான் செய்யணும்’ என்பதற்கு மேல் பதில் வருவது அபூர்வம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கைக்குத் தெரிந்ததையெல்லாம் வாயால் விளக்க அவர்களை யாரும் கேட்டதே இல்லை. அந்த ‘ஏன்’களுக்கான பதில் நூலகத்தில், சிறுவர் பகுதி என்று எழுதிய அலமாரியில் கிடக்கிறது. சமைக்கத் தொடங்கும் பெரியவர் எவரும் கூச்சமின்றி அந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் போகும் சாலையில் இருக்கிறது குமராட்சி. தெற்கே கொள்ளிடம், மேற்கில் சற்றுத் தள்ளி வீராணம் ஏரி, சுற்றிலும் நெல் வயல். இங்கே சமையல் பழகுவது என்றால் முதலில் சோறுதான். அரிசியின் பெரும்பகுதி மாவுச்சத்து; நுண்ணிய துகள்களாக இறுகிக் கிடக்கிறது. ஏறத்தாழ 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் வெப்பம் வந்தால்தான் அந்தத் துகள்கள் தண்ணீரை இழுத்து உப்பி, இளகி, நாம் சோறு என்று சொல்லும் பதத்துக்கு வரும். பச்சைத் தண்ணீரில் அரிசியைப் போட்டு அடுப்பேற்றினால் அந்த வெப்பத்தை எட்ட எவ்வளவு நேரமாகும் என்பது தண்ணீரின் அளவையும் தீயின் வேகத்தையும் பொறுத்து ஒவ்வொரு நாளும் மாறும். கொதிக்கும் உலையில் போட்டால் அந்தக் குழப்பம் இல்லை. போட்ட நிமிடத்திலிருந்து நேரத்தை எண்ணலாம், நேற்று எடுத்த நேரமே இன்றும் எடுக்கும். பதம் பார்க்கத் தெரியாத புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

கொதி வந்ததும் தீயைக் குறைப்பதில் இன்னும் பெரிய அதிசயம் இருக்கிறது. கொதிக்கத் தொடங்கிய தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. கடலை ஒட்டிய இந்தச் சமவெளியில் அது 100 டிகிரியில் நின்றுவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் தெர்மாமீட்டர் நகராது. கூட்டிய தீயெல்லாம் எங்கே போகிறது? ஆவியாகப் போகிறது. 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி வெப்பம் போதும். கொதிநிலையில் இருக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்! தளதளவென்று துள்ளும் உலையிலும், லேசாகக் குமிழி விடும் உலையிலும் அரிசி ஒரே வேகத்தில்தான் வேகிறது. துள்ளும் உலைக்குச் செலவாகும் மிகுதி எரிவாயு ஜன்னல் வழியே வெளியேறுகிறது.

இதைச் சமையல்காரர்களுக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் பெஞ்சமின் தாம்சன் என்ற ரம்ஃபோர்டு பிரபு. 1790களில் மியூனிக் நகரில் ஏழைகளுக்குக் கஞ்சித்தொட்டி நடத்தியவர் அவர். ஆயிரக்கணக்கான வயிறுகளுக்குக் குறைந்த விறகில் எப்படிச் சமைப்பது என்பது அவருக்கு அன்றாடக் கவலை. பொங்கப் பொங்கக் கொதிக்கவிடுவதால் உணவு சீக்கிரம் வேகாது, விறகுதான் வீண் என்று விரிவாக எழுதினார். அடுப்புகளைத் திருத்தி அமைத்தார். அவர் பெயர் இங்கே மறுபடியும் வரும்.

100 டிகிரி என்ற இந்த வரம்பைக் குழந்தைக்கும் புரியும்படி காட்டியவர் ரஷ்ய எழுத்தாளர் யாக்கோவ் பெரெல்மான். 1913இல் அவர் எழுதிய நூல் ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ என்ற பெயரில் தமிழுக்கும் வந்தது. காகிதத்தில் செய்த பாத்திரத்தில் தண்ணீரை ஊற்றித் தீயின் மேல் காட்டினால் தண்ணீர் கொதிக்கும், காகிதம் எரியாது என்று அதில் விளக்குகிறார். காகிதம் தீப்பிடிக்க 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீரோ 100 டிகிரியைத் தாண்ட விடாமல் வெப்பத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதைப் படித்தவருக்குச் சோறு ஏன் அடிப்பிடிக்கிறது என்பது தானாகவே விளங்கிவிடும். பாத்திரத்தின் அடியில் தண்ணீர் இருக்கும் வரை கருகல் இல்லை. கடைசிச் சொட்டு ஆவியானதும் காவல் போய்விடுகிறது. அடிப்பகுதியின் சூடு சில நிமிடங்களில் 100லிருந்து 200ஐத் தாண்டிப் பாய்கிறது. அத்தனை நேரம் ஒன்றும் ஆகாத பாத்திரம் ஒரு போன் பேசி முடிப்பதற்குள் கருகுவது இதனால்தான்.

ரம்ஃபோர்டுக்கு வருவோம். 1799இல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனம் உருவாக முன்னின்றவர் அவரே. அங்கே ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய வேதியியல் சொற்பொழிவுகளைக் கேட்க வந்தவர்களில் ஜேன் மார்செட் என்ற பெண்மணியும் ஒருவர். கேட்டது முழுதாகப் புரியவில்லை. வீட்டில் நண்பர்களோடு பேசிப் பேசித் தெளிந்தார். தம்மைப் போன்ற புதியவர்களுக்கு அந்தப் பேச்சு வடிவமே உதவும் என்று நினைத்து, ஓர் ஆசிரியையும் இரண்டு சிறுமிகளும் உரையாடுவதுபோல ஒரு வேதியியல் நூல் எழுதினார். 1806இல், எழுதியவர் பெயர் இல்லாமலே அது வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்து, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிய ஓர் இளைஞன் கையில் அது கிடைத்தது. கொல்லர் ஒருவரின் மகன். பள்ளிப்படிப்பு மிகக் கொஞ்சம். அவன்தான் மைக்கேல் ஃபாரடே. பிற்காலத்தில் மின்சார உலகத்தையே மாற்றிய ஃபாரடே, தம்மை அறிவியலுக்குள் அழைத்துவந்த ஆசிரியராக மார்செட்டைக் கடைசிவரை போற்றினார். அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825இல் இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் தொடங்கின. 1860 டிசம்பரில் சிறுவர் சிறுமியர் முன் ஃபாரடே ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, அந்த ஒற்றைச் சுடரிலிருந்து வேதியியலை விரித்துக் காட்டினார்.

அடுப்பைப் பற்றிய கவலையும், புதியவருக்கு விளங்க வேண்டுமே என்ற அக்கறையும் இப்படி ஒரே கட்டடத்தில் கைமாறி வந்திருக்கின்றன. எனக்கு இது மிகவும் பிடித்த வரலாறு. மெழுகுவத்திச் சொற்பொழிவு நம் சமையலறைக்கும் நேராக உதவும். சுடரின் மஞ்சள் ஒளி, முழுதாக எரியாத கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால் வருவது. குளிர்ந்த பொருள் எதையாவது அந்த மஞ்சள் பகுதியில் காட்டினால் கரி படியும். உங்கள் கேஸ் அடுப்பு நீலமாக எரிகிறவரை பாத்திரத்தின் அடி சுத்தமாக இருக்கும். மஞ்சள் நுனி தலைகாட்டினால் பர்னரின் துளைகளில் அடைப்பு என்று பொருள்.

தமிழில் இந்த மரபு இல்லாமலில்லை. வழக்கறிஞரான பெ. நா. அப்புசாமி 1917 முதல் தம் நீண்ட வாழ்நாள் முழுதும் அறிவியலை எளிய தமிழில் எழுதினார். இளையோருக்கென்று தனியாகவும் எழுதினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழ் 1987 முதல் வருகிறது. சமையல் பக்கம் பார்த்தால், எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வந்தது. புதிதாகக் குடித்தனம் தொடங்குபவர்களை மனதில் வைத்து, எதை எவ்வளவு, எதற்குப் பின் எது என்று அளவோடு எழுதியவர் அவர். ‘எவ்வளவு’ என்பதை அவரிடமும் ‘ஏன்’ என்பதைத் துளிர் போன்ற இதழ்களிடமும் கேட்டுக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் வேகமாகக் கற்பார் என்று நம்புகிறேன். கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. அங்கே 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் என்கிற அந்த விதிகளில் வயது வரம்பு எதுவும் இல்லை.

சோற்றுக்கு அடுத்து என்ன சமைப்பது? இந்த வட்டாரத்தில் கேள்வியே எழாது. சிதம்பரம் நடராசர் கோயிலில் சம்பா சாதத்தோடு நிவேதனமாகும் கத்திரிக்காய் கொத்சுதான். புதியவர்கள் இதைக் கடினமான பண்டம் என்று ஒதுக்குகிறார்கள். அது கற்றுக்கொடுப்பதைப் பார்த்தால் முதலில் பழக வேண்டியதே இதுதான்.

கொத்சுக்கு மல்லி, கடலைப்பருப்பு, மிளகாய் எல்லாவற்றையும் வறுத்துப் பொடிக்க வேண்டும். வறுக்காமல் வேகவைத்து அரைத்தால் அந்த வாசனை ஏன் வராது? மீண்டும் அதே 100 டிகிரி. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து பொன்னிறமும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களும் உண்டாகும் வினையை 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் விவரித்தார். அது விறுவிறுப்பாக நடக்க 140 டிகிரியளவு சூடு வேண்டும். தண்ணீர் இருக்குமிடத்தில் அந்தச் சூடு வராது. அதனால்தான் வெறும் வாணலியில், ஈரம் படாமல் வறுக்கிறோம். தாளிப்பும் அந்த வரம்புக்கு அப்பால் நடப்பதே. எண்ணெய் 150, 180 என்று ஏறக்கூடியது. கடுகுக்குள் இருக்கும் துளி ஈரம் அந்தச் சூட்டில் ஆவியாகித் தோலைப் பிளக்கிறது, அதுதான் படபடப்பு. பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும் காரம் தாளித்த கடுகில் இல்லையே, கவனித்திருக்கிறீர்களா? அரைக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அந்தக் காரத்தை உண்டாக்குகிறது. சூடான எண்ணெய் அந்த நொதியை முதலிலேயே செயலிழக்கச் செய்துவிடுகிறது. கறிவேப்பிலையைத் துடைத்துவிட்டுப் போடச் சொல்வதும் இந்தச் சூட்டை நினைத்துத்தான். இலையில் ஒட்டிய ஒரு சொட்டுத் தண்ணீர் எண்ணெய்க்குள் மூழ்கி ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு விரிந்து, எண்ணெயைக் கையில் தெறிக்கவிடும்.

இப்போது கத்திரிக்காய். நறுக்கிய துண்டு காற்றில் கறுக்கிறது. அதன் செல்களில் குளோரோஜெனிக் அமிலம் போன்ற பொருள்கள் ஓரிடத்திலும், அவற்றைப் பழுப்பாக்கும் நொதி வேறோரிடத்திலும் பிரிந்து இருக்கின்றன. கத்தி பட்டதும் அறைகள் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன, காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றாவதாகச் சேர்ந்துகொள்கிறது. தண்ணீரில் போட்டால் காற்று எளிதில் எட்டாது. வாணலியில் போட்டதும் அது நல்லெண்ணெயை எல்லாம் உறிஞ்சிக்கொள்வதைப் பார்த்துப் புதியவர் பதறி மேலும் எண்ணெய் ஊற்றுவார். வேண்டாம். கத்திரிக்காயின் சதைக்குள் காற்று நிறைந்த இடைவெளிகள் ஏராளம். எண்ணெய் அவற்றில் புகுந்துகொள்கிறது. சூட்டில் செல்கள் துவண்டு அந்த இடைவெளிகள் அமுங்கியதும், குடித்த எண்ணெயில் ஒரு பகுதி தானாகவே வெளியே வரும். எண்ணெய் பிரிந்து வரும் வரை வதக்கு என்று பெரியவர்கள் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

துண்டுகள் குழைந்த பிறகுதான் புளிக்கரைசல். காய்கறியின் செல்களை, செங்கல்லைச் சாந்து பிடித்திருப்பதுபோல, பெக்டின் என்ற பொருள் பிடித்து வைத்திருக்கிறது. காய் வேகிறது என்றால் கொதிநீரில் இந்தப் பெக்டின் சிதைந்து கரைகிறது, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்றுகொள்கின்றன என்று பொருள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அந்தச் சிதைவைத் தாமதப்படுத்துகிறது. முதலிலேயே புளியை ஊற்றிவிட்டால் வெகு நேரம் கொதித்தாலும் கத்திரிக்காய் எளிதில் குழையாது. சாம்பாரில் பருப்பும் காயும் வெந்த பிறகு புளி சேர்ப்பதற்கும் இதுவே காரணம். சில ஊர்களில் ‘இந்தத் தண்ணியில பருப்பு வேகாது’ என்பார்கள். அதுவும் பெக்டின் கதைதான். கடின நீரிலுள்ள கால்சியம் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது.

நம்பிக்கை வராவிட்டால் சோதித்துப் பார்க்கலாம். ஒரே கத்திரிக்காயை ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். பாதியை வெறும் தண்ணீரிலும் பாதியைக் கெட்டியான புளித்தண்ணீரிலும், ஒரே மாதிரிப் பாத்திரங்களில், ஒரே நேரம் கொதிக்கவிடுங்கள். கரண்டியின் முதுகால் அழுத்தினால் வெறும் தண்ணீரில் வெந்தது மசியும், புளியில் வெந்தது எதிர்த்து நிற்கும். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்; அடுத்த கேள்வி அந்தப் பிள்ளையிடமிருந்து வரும். புளிப்பு இறுக்கும் என்றால் அதற்கு எதிரானது இளக்குமா? இளக்கும். சமையல் சோடா காரத்தன்மை உடையது. பெக்டினை வேகமாகச் சிதைக்கும். பருப்பு வேகாத ஊர்களில் ஒரு சிட்டிகை சோடா போடுவது அதற்காகத்தான். ஆனால் அதே காரத்தன்மை பருப்பிலுள்ள தயமின் என்ற பி1 வைட்டமினையும் அழித்துவிடும். பருப்பை ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, கடினமில்லாத குடிநீரில் வேகவைத்தால் சோடாவுக்குத் தேவையே இருக்காது.