தொட்டா காய்ஞ்சிருக்கு, ஏறலாமா? மழைக்கு அப்புறம் மணற்கல் பாறை

இந்த எபிசோடு பாறை ஏறுறதைப் பத்தி. எப்படி ஏறுறதுன்னு இல்ல, எப்போ ஏறக்கூடாதுன்னு.

பாலைவனத்துல மழை பெய்யுது. நின்னுடுது. மறுநாள் காலைல பளிச்சுன்னு வெயில். பாறையைத் தொட்டுப் பார்த்தா சுத்தமா காய்ஞ்சிருக்கு. ஏறலாமா? அது கிரானைட்டா இருந்தா பெரும்பாலும் ஏறலாம். மணற்கல்லா இருந்தா கூடாது. பார்க்க ரெண்டும் பாறைதான். ஆனா மழைக்கு அப்புறம் ரெண்டும் நடந்துக்கிற விதம் வேற. அந்த வித்தியாசம்தான் இன்னைக்கு விஷயம்.

மணலா இருந்த மலை

நான் வேலை பார்க்கிறது லாஸ் ஏஞ்சல்ஸ்ல. நாங்க நண்பர்கள் 5 பேர் ஒரு குளிர்கால வார இறுதிக்கு ரெட் ராக் கேன்யன் போயிருந்தோம். நெவாடா மாநிலத்துல, லாஸ் வேகாஸ் நகரத்துல இருந்து மேற்கே அரை மணி நேரம் காரில் போனா வந்துடும். மொஹாவி பாலைவனத்தோட ஒரு பகுதி அது. 13 மைல் நீளத்துக்கு ஒருவழிப் பாதை ஒண்ணு அதைச் சுத்தி வரும். அக்டோபர்ல இருந்து மே வரைக்கும் அந்தப் பாதையில கார்ல போக, முன்கூட்டியே நேரம் பதிவு பண்ணணும். உலகம் முழுக்க இருந்து பாறை ஏறுறவங்க வர்ற இடம்.

லாஸ் வேகாஸ்ல வருஷத்துக்குச் சராசரியா 100 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலதான் மழை. சென்னையில சுமார் 1,400. அதனால அங்க போறவங்களுக்கு மழை ஒரு கணக்காவே தோணாது. சிக்கலே அங்கதான்.

அங்க இருக்கிற சிவப்புப் பாறைக்கு அஸ்டெக் மணற்கல்னு பேரு. சுமார் 18 கோடி வருஷத்துக்கு முன்னாடி, டைனோசர் காலத்துல, அந்த இடம் முழுக்கக் காத்து கொண்டுவந்து குவிச்ச மணல் மேடுகள். அந்த மணல் புதைஞ்சு, இறுகி, கல்லா மாறிடுச்சு. இன்னைக்கும் பாறையில சாய்வான கோடுகள் தெரியும். அதெல்லாம் அந்தப் பழைய மேடுகளோட சரிவுகள். சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால வந்தது.

கடலை மிட்டாய் கணக்கு

மணல் எப்படிக் கல்லாச்சு? கடலை மிட்டாயை நினைச்சுக்கோங்க. கடலை தனித்தனியாதான் இருக்கு, வெல்லப்பாகுதான் அதையெல்லாம் ஒட்டி வெச்சிருக்கு. மணற்கல்லும் அப்படித்தான். மணல் துகள்கள்தான் கடலை. கால்சைட், இரும்பு ஆக்சைடு, சிலிக்கா, களிமண் மாதிரியான பொருட்கள்தான் பாகு.

மிட்டாய் டப்பாவைத் திறந்து வெச்சு ஈரக்காத்து பட்டா என்ன ஆகும்? கடலை அப்படியேதான் இருக்கும். பாகு இளகிடும். கையில எடுத்தா ஓரம் பிஞ்சு வரும். மணற்கல்லுக்குள்ள தண்ணி போனாலும் அதே கதைதான். துகளுக்கு ஒண்ணும் ஆகாது, துகளை இணைக்கிற பொருள் பலம் இழக்கும். எவ்வளவு இழக்கும்ங்கிறது கல்லோட வகையைப் பொறுத்தது. பலவீனமான சில மணற்கற்கள் நல்லா நனைஞ்சா பாதிக்கும் மேல பலத்தை இழந்துடும். மிட்டாய்க்கும் இதுக்கும் ஒரு நல்ல வித்தியாசம் இருக்கு: பாறை உள்ளவரைக்கும் காய்ஞ்சா, இழந்த பலத்துல பெரும்பகுதி திரும்பி வந்துடும். நாம செய்யவேண்டியது காத்திருக்கிறது மட்டும்தான்.

கிரானைட் வேற மாதிரி. உருகின பாறைக்குழம்பு மெதுவா ஆறும்போது, படிகங்கள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக்கிட்டு வளர்ந்து உருவானது. நடுவுல ஒட்டுற பாகுன்னு ஒண்ணு கிடையாது. தண்ணி உள்ள போக இடமும் ரொம்பக் குறைவு. மேல வழியிற ஈரம் காய்ஞ்சா வேலை முடிஞ்சது.

எங்க குழுவுல 3 பேர் ஏறப் பழகினது பெங்களூரு பக்கத்துல ராமநகராவுலயும், அப்புறம் ஹம்பியிலயும். ரெண்டுமே கிரானைட். "மழை நின்னு வெயில் வந்தா ஏறலாம்"ங்கிறது அவங்க கையிலயே ஊறிப்போன பழக்கம். அங்க அது சரியான பழக்கமும்கூட.

வெளிய காய்ஞ்சது, உள்ள?

கொத்தனார் சுவர் கட்டுறதுக்கு முன்னாடி செங்கல்லைத் தண்ணியில நனைப்பாரு, பார்த்திருப்பீங்க. வெளிய எடுத்து வெயில்ல வெச்சா மேல்பக்கம் சீக்கிரமே வெளுத்துடும். ஆனா தூக்கிப் பார்த்தா கனம் குறைஞ்சிருக்காது. தண்ணி உள்ளதான் இருக்கு. மணற்கல்லும் துளைகள் நிறைஞ்ச கல். பாலைவன வெயிலும் காத்தும் மேல்பரப்பை மணிக்கணக்குல காய வெச்சுடும், உள்ள இருக்கிற ஈரம் வெளியேற நாட்கணக்குல ஆகும்.

இன்னொரு ஏமாத்து வேலையும் இருக்கு. பல பாறைகள் மேல கறுப்பா, பளபளன்னு ஒரு மெல்லிய படலம் இருக்கும். பாலைவன வார்னிஷ்னு சொல்வாங்க. மாங்கனீசு, இரும்பு ஆக்சைடு, களிமண் எல்லாம் பல ஆயிரம் வருஷமா படிஞ்சு உருவானது. கைக்கு நல்லா கெட்டியா இருக்கும். ஆனா அதுக்குக் கீழ இருக்கிறது அதே மணற்கல்தான்.

அதனால பாறையைத் தொட்டுப் பார்த்து முடிவு பண்ண முடியாது. அந்த ஊர் ஏறுறவங்க சொல்ற சோதனை ரொம்ப எளிமை: பாறையோட அடிவாரத்துல மண்ணைத் தோண்டுங்க. மேல இருக்கிற வறண்ட மணலைத் தள்ளிட்டு, சில அங்குலம் கீழ போங்க. மண் ஈரமா, கையில பிடிச்சா உருண்டை ஆகுற மாதிரி இருந்தா, பாறைக்குள்ளயும் ஈரம் இருக்குன்னு எடுத்துக்கணும். பொதுவா சொல்ற கணக்கு, மழை நின்ன பிறகு 24 முதல் 72 மணி நேரம். பெரிய மழை, குளிர், நிழல்ல இருக்கிற வடக்குப் பார்த்த சுவர், உருகுற பனி, இதெல்லாம் இருந்தா இன்னும் அதிகம்.

"அவங்க ஏறுறாங்களே டா"

எங்க பயணத்துல மழை வெள்ளிக்கிழமை மதியம் நின்னுச்சு. சனிக்கிழமை காலைல போய் மண்ணைத் தோண்டினோம். ரெண்டு அங்குலத்துலயே உருண்டை பிடிக்க வந்துடுச்சு.

கஷ்டம் என்னன்னா, அந்தப் பயணமே எங்க நண்பன் ஒருத்தனுக்காகப் போட்டது. அடுத்த வாரம் வேலையை முடிச்சுட்டு கோயம்புத்தூருக்கே நிரந்தரமா திரும்புறான். ரெட் ராக்ல ஒரே ஒரு ரூட்டை லீட் பண்ணணும்னு ஒரு வருஷமா பயிற்சி எடுத்திருந்தான். பக்கத்துப் பாறையில ரெண்டு குழு ஏறிட்டு இருந்தாங்க. "மச்சி, அவங்க ஏறுறாங்களே டா. அவங்களுக்கு ஒண்ணும் ஆகல. நான் மறுபடி எப்போ இங்க வரப்போறேன்?"னு கேட்டான். நியாயமான கேள்வி. அந்த ரெண்டு குழுவுக்கும் கடைசிவரை ஒண்ணும் ஆகல, அதையும் சொல்லணும்.

ஆனா லீட் பண்றதுன்னா என்னன்னு பாருங்க. முதல்ல ஏறுறவர் கயிறைத் தன்கூடவே கொண்டுபோய், போற வழியில போல்ட்டுல மாட்டிக்கிட்டே போறாரு. கடைசி போல்ட்டுக்கு 2 மீட்டர் மேல இருக்கும்போது கைப்பிடி உடைஞ்சா, 4 மீட்டரும் கயிறு நீளுற அளவும் சேர்த்து விழுவாரு. அந்த அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய போல்ட்டும் அதே ஈரப் பாறையிலதான் இருக்கு. போல்ட் இல்லாத ரூட்ல, விரிசலுக்குள்ள கேம்னு ஒரு கருவி வைப்பாங்க. கீழ இழுக்கிற விசையை அது பக்கவாட்டுல சுவர் மேல திருப்பும். சுவர் பிஞ்சா கேமும் வந்துடும். உடைஞ்ச கல் விழுறது கீழ கயிறு பிடிச்சு நிக்கிறவர் தலை மேல.

இன்னொண்ணு, உடைஞ்ச பிடி திரும்ப முளைக்காது. அடுத்து வர்றவங்களுக்கு அந்த ரூட்டே மாறிடும், சில சமயம் ஏறவே முடியாமப் போயிடும்.

"நேத்து ஒருத்தர் ஏறினாரு, ஒண்ணும் ஆகல"ங்கிறது எங்க வேலையில "என் மெஷின்ல ஓடுச்சு"ன்னு சொல்ற மாதிரி. ஒரு தடவை ஓடினது பக் இல்லைன்னு நிரூபிக்காது.

நாங்க சனிக்கிழமை லோன் மவுன்டன் போனோம். லாஸ் வேகாஸ் நகரத்தோட வடமேற்குல இருக்கிற சுண்ணாம்புக்கல் குன்று. சுண்ணாம்புக்கல் மணற்கல் மாதிரி தண்ணியைக் குடிக்காது, அதனால மழைக்கு அப்புறம் பலர் போற இடம் அது. ஞாயித்துக்கிழமை மறுபடி ரெட் ராக் போய்த் தோண்டினோம். இன்னும் ஈரம். அவன் அந்த மண்ணை உருட்டிப் பார்த்துட்டு, "சரி, நடந்தாவது பார்த்துட்டுப் போவோம்"னான். அந்த ரூட்டை அவன் ஏறல. கீழ நின்னு ரொம்ப நேரம் பார்த்துட்டு வந்தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி

நீங்க மணற்கல் பக்கம் போறதா இருந்தா மூணு விஷயம் செய்ங்க. ஒண்ணு, போற இடத்துல இருக்கிறது என்ன கல்லுன்னு முதல்லயே தெரிஞ்சுக்கோங்க. ரெண்டு, உங்க பயண நாளோட வானிலையை மட்டும் பார்க்காம, அதுக்கு முந்தின மூணு நாள் மழையையும் பாருங்க. மூணு, மாற்று இடத்தை வீட்டுலயே முடிவு பண்ணிடுங்க. அஞ்சு மணி நேரம் கார் ஓட்டிட்டு, பாறைக்குக் கீழ நின்னுக்கிட்டு முடிவெடுக்கும்போது யாருக்கும் "வேணாம்"னு சொல்ல வாய் வராது. மாற்றுத் திட்டம் கையில இருந்தா, "வேணாம்"ங்கிறது "வாங்க, அங்க போவோம்"னு மாறிடும். குழுவுல யாராவது ஒருத்தர் அதைச் சொன்னாப் போதும்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.