நண்டு ஈன்றால் மடியுமா?

நண்டும் சிப்பியும் மூங்கிலும் வாழையும் தாம் அழியுங் காலத்திலேயே கருவைத் தரும் என்று ‘நல்வழி’யில் ஔவையார் உவமை கூறுகிறார். தாய் சாக, நண்டு பிறக்கும் என்ற கருத்து ஐங்குறுநூற்றிலும் உண்டு. மூங்கிலுக்கும் வாழைக்கும் பொருந்தும் இவ்வுண்மை நண்டுக்கும் பொருந்துமா? கழிமுகச் சேற்றில் வாழும் பச்சை நண்டின் சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம்.

நண்டுக்கு ஓடே எலும்பு, ஓடே கவசம். உடல் வளரும், ஓடு வளராது. ஆகவே வளரவேண்டுமானால் ஓட்டைக் கழற்றியே தீரவேண்டும். பழைய ஓட்டின் அடியில் மெல்லிய புது ஓடு உண்டானதும், முதுகின் பின்புறம் பிளவு காண்கிறது. அவ்வழியே நண்டு பின்னோக்கி நழுவி வெளிவருகிறது. கால், கொடுக்கு, கண்ணின் மேலுறை, இரைப்பையின் உட்சவ்வு முதலிய யாவும் வெறுங்கூட்டோடு தங்கிவிடுகின்றன. உடனே அது ஜலத்தை உறிஞ்சிப் பருக்கிறது. முன்பு இழந்த கால்கூட இவ்வாறு சட்டை உரிக்கும்போது மீண்டும் முளைத்துவிடுகிறது. ஆனால் புது ஓடு இறுகும்வரை அதற்குப் பாதுகாப்பில்லை. மீன்களுக்கும், ஏன், மற்ற நண்டுகளுக்குமே அது இரையாகலாம்.

பெண் நண்டு இணைசேர்வது இந்த அபாயமான வேளையில்தான். சட்டை உரிக்கப்போகும் பெண்ணை ஆண் நண்டு முன்கூட்டியே தன் உடலின்கீழ் அணைத்துக் காவல் புரிகிறது. அப்போது பெற்ற வித்தைப் பெண் தன்னுள் சேமித்து வைக்கிறது. பின்னர் இடும் முட்டைகள் அதன் வயிற்று மடிப்பின்கீழ் கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. அவற்றின் தொகை பத்து லட்சத்தையும் தாண்டும். அச்சுமையோடு தாய் கழியைவிட்டுக் கடலுக்குச் செல்கிறது. ஆரஞ்சு நிற முட்டைகள் நாளடைவில் கருக்கின்றன; உள்ளிருக்கும் குஞ்சுகளின் கண்கள் தோன்றிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். பொரித்த குஞ்சுகள் நண்டைப்போலவே இரா. நீரில் மிதந்து, பலமுறை சட்டை உரித்த பிறகே நண்டுருவம் பெறும். வயல் நண்டின் வழக்கம் வேறு. அதன் முட்டையிலிருந்து சின்னஞ்சிறு நண்டுகளே வெளிவந்து, சில காலம் தாயின் மடிப்பிலேயே தங்குகின்றன.

குஞ்சுகளை விட்டபின் தாய் மடிந்துவிடுகிறதா? இல்லை. சேமித்த வித்தைக் கொண்டு அது மறுமுறையும் முட்டையிட வல்லது. பிரசவத்தில் சாகாத அத்தாயைக் கொல்வது பெரும்பாலும் நம் வலையே. ஒரு சினை நண்டு பிடிபட்டால், லட்சக்கணக்கான குஞ்சுகளும் அதனோடு ஒழிகின்றன.

நண்டின் உறவினமாகிய சிங்கி இறாலும் முட்டைகளை வாலின்கீழ் சுமப்பதுதான். அதன் குலம் குன்றாதிருக்க, 2003-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் ஏற்றுமதிக்குக் குறைந்த அளவு எடை விதித்தனர். ஆனால் சட்டம் துறைமுகத்தில் நிற்கும். சந்தைக்குக் கூடையுடன் செல்பவர்கள் நாமல்லவா? மடிப்பின்கீழ் முட்டைக் கொத்துடன் கூடிய நண்டை வாங்க ஆளில்லையென்றால், வலைஞரும் அதைக் கடலிலேயே விட்டுவிடுவர். ஈன்ற நண்டு வாழும் என்பது இயற்கையின் விதி. அதைப் பொய்யாக்காதிருப்பது நம் கையில் இருக்கிறது.